ஜூஜுவாடி மௌனம்

உலகத்தில் ஒருதடவைக்காரர் என்றொரு இனம் உண்டு. எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்கமாட்டார், கேட்கமாட்டார், படிக்கமாட்டார். அந்த ஒரு தடவையையும் முழுதாகச் செய்யமாட்டார். ஆனால் அதைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசுவார். புதுப் படத்துக்குப் போனால் இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடியே இரண்டாம் பாதி இழுவை என்று ஊருக்கெல்லாம் தகவல் அனுப்பிவிடுவார். புது ஓட்டலுக்குள் நுழைந்தால் தண்ணீர் டம்ளரைப் பார்த்தே பிரியாணிக்கு மார்க் போட்டுவிடுவார். பாட்டு விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். அவரும் கேட்பதில்லை.

இந்த இனத்துக்கென்று சில வாசகங்கள் இருக்கின்றன. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்பது முதலாவது. அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது பாட்டைக் கேட்பதற்கு முன்பே தயாராகிவிட்டது. "அவங்க மொத ஆல்பத்துல இருந்த அந்த இது இதுல இல்ல" என்பது இன்னொன்று. அந்த 'இது' எது என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் நமக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே என்று பயந்து எல்லோரும் தலையாட்டிவிடுவோம். அந்தத் தலையாட்டலில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

ஓசூர் பாகலூர் ரோட்டில் குடியிருக்கும் ஹரீஷ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திராவில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தரப் பரிசோதனை இன்ஜினியர். வெளியிலிருந்து வந்து இறங்கும் சரக்கைப் பார்த்து, தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கரும் தேறாததற்குச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவது வேலை. நடுவில் மஞ்சள் ஸ்டிக்கர் என்று ஒன்றும் உண்டு. இப்போதைக்கு முடிவு சொல்வதற்கில்லை, இன்னொரு தடவை பார்க்கவேண்டும், ஓரமாக வை என்று அதற்கு அர்த்தம். மஞ்சளைக் கண்டாலே ஹரீஷ்குமாருக்கு ஆகாது. "மஞ்ச ஒட்டறவன் வேல தெரியாதவன்" என்பார்.

ஒரு லாட்டில் ஆயிரம் பீஸ் வந்து இறங்கினால் ஆயிரத்தையும் அளந்துகொண்டிருக்க முடியுமா? கைக்கு வந்த சிலதை எடுத்து அளப்பார். அவை சரியென்றால் லாட்டே சரி. இதற்குச் சாம்பிள் பார்ப்பது என்று பெயர். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நியாயமான முறைதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஹரீஷ்குமார் அந்த முறையைக் கம்பெனி கேட்டுக்கு வெளியேயும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

பெங்களூரில் இரண்டு பெண்கள் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் மட்டும் வைத்துக்கொண்டு, தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பத்துப் பாட்டு போட்டார்கள். ஆல்பத்துக்குப் பெயர் 'கரண்ட் பூ'. சிந்த்-பாப் என்று வகைப்பெயரும் சொன்னார்கள். வந்த வேகத்தில் அது ஷேர் ஆட்டோவில் ஓடியது, ஹாஸ்டல் மெஸ்ஸில் ஓடியது, சூளகிரியில் ஒரு காதுகுத்து வீட்டு மைக்செட்டில்கூட ஓடியது. கம்பெனி பஸ்ஸுக்கென்று இருந்த வாட்ஸாப் குழுவில், டிரைவர் வரமாட்டார் என்ற செய்தியைக்கூட யாரும் கவனிக்காத அளவுக்கு அதைப் பற்றியே பேச்சு. வழக்கமாகப் பஸ் ஏறியதும் தலையைச் சாய்த்து அத்திப்பள்ளி தாண்டியபின் கண் விழிக்கிற ஹரீஷ்குமாருக்கு அன்று தூக்கம் வருமா? ஊரே அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் சொல்லாமல் இருந்தால் ஊர் என்ன ஆவது?

ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டார். முதல் பாட்டில் ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் நடு மட்டும்.

"எப்பிடிப்பா இருக்கு?" என்று கேட்டார் பக்கத்து ஸீட் சாஜித். அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவர், கண்ணை மூடிக்கொண்டே பேசும் பழக்கமுடையவர்.

"நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா கொஞ்சம் ஓவரா பாலிஷ் போட்டுட்டாங்க."

"முழுசா கேட்டுட்டியா?"

"சாம்பிள் பாத்தாச்சு."

நாலாவது பாட்டின் பெயர் 'மிஸ்டு கால்'. அது ஓடத் தொடங்கியதும் ஹரீஷ்குமார் குழுவுக்குத் தீர்ப்பு எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டே இருக்கும்போது பாட்டு சட்டென்று நின்றது. கீபோர்டு இல்லை, குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. கட்டைவிரல் அந்தரத்தில் நிற்க, அவர் காத்திருந்தார். பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தது.

"பாய், இங்கதான் நிக்கறாங்க அவங்க" என்றார். சாஜித் தலையாட்டினார், அல்லது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

உடனே குழுவுக்குப் போயிற்று செய்தி: 'மிஸ்டு கால் பாட்டின் நடுவே வரும் அந்த மௌனத்துக்காகவே இந்த ஆல்பத்தை மன்னிக்கலாம்.' இதயங்கள் வந்து குவிந்தன. ஒருவர் கைகூப்பினார். இன்னொருவர், "கரெக்ட் ப்ரோ, நானும் அதைத்தான் நெனச்சேன்" என்று போட்டார். அதற்குள் அம்மா செல்வம்மாள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதைப் பற்றிப் பேசப் போன் செய்துவிட்டதால் மீதி ஆறு பாட்டுகளைக் கேட்க அவருக்கு நேரமில்லாமல் போனது. அவையும் இதே லாட்தானே?

பெண் பார்க்கும் விஷயத்திலும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கேசரி வருவதற்குள் சிவப்பு ஒட்டிவிட்டு வருகிறவர். ஒரு வீட்டில் செருப்பு கழற்றி வைத்த விதத்தைப் பார்த்தே வேண்டாமென்று சொன்னவர். ஓசூருக்குப் பக்கத்து ஊரான பேரிகையில் மட்டும் கதை வேறு மாதிரி ஆயிற்று. பெண்ணின் அப்பா கோவிந்தனுக்கு அங்கே ரோஜாப் பசுமைக்குடில்கள் இருந்தன. தோட்டக்கலை படித்துவிட்டு வந்து அவற்றை நிர்வகிப்பதெல்லாம் மகள் ஹரிணிதான். பேக்கிங் ஷெட்டிலிருந்து நேரே வந்தாள், துப்பட்டாவில் ஒரு ரோஜா இலை ஒட்டியிருந்தது, எதிரில் உட்கார்ந்தாள்.

"கேசரி நான் செய்யலைங்க. நம்பிச் சாப்பிடலாம்" என்றாள்.

ஹரீஷ்குமார் அந்த நிமிஷமே பச்சை ஒட்டிவிட்டார். மனசு முழுக்கப் பச்சை. அவருக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. ஆனால் ஹரிணி ஸ்டிக்கர் எதையும் எடுக்கவில்லை. "கொஞ்ச நாள் போன்ல பேசிப் பாத்துட்டு சொல்றேங்க" என்று சொல்லிவிட்டாள். வாழ்நாளெல்லாம் தீர்ப்புச் சொல்லியே பழகியவர், முதல் தடவையாகத் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்று போனில் அவள்தான் ஆரம்பித்தாள். "எங்க ஷெட்டுல 'கரண்ட் பூ'தான் ஓடிட்டே இருக்கும். பூ வெட்டிட்டு வந்ததுல இருந்து பெட்டி கட்டற வரைக்கும்."

ஹரீஷ்குமாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முதலில் சாம்பிள் தத்துவம், அதன்பின் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களின் கையாலாகாத்தனம், கடைசியில் அந்த முத்து: "நாலாவது பாட்டுல நடுவுல ஒரு மௌனம் வருது பாருங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டு சும்மா விட்டுடறாங்க. அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணுங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அசந்துபோய்விட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"நாலாவதா? எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதாங்க" என்றாள் ஹரிணி. குரல் இறங்கியிருந்தது. "நான் கவனிச்சதே இல்லையே."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர், 'ஒருவேளை நான்தான் தப்பாகக் கேட்டிருப்பேன்' என்று சொல்லியிருப்பார். ஒருதடவைக்காரர் சொல்லுவாரா? "ரொம்பப் பழகின காதுக்கு அது தெரியாதுங்க" என்றார் பெருந்தன்மையாக.

மறுநாள் பேரிகை ஷெட்டில் மௌனத்தைத் தேடும் படலம் நடந்தது. நாலாவது பாட்டைப் போட்டுவிட்டு ஹரிணி எல்லோரையும் கவனிக்கச் சொன்னாள். பெண்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ரோஜாக்கள் வாளியில் காத்திருந்தன. பாட்டு எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. ஷெட்டின் மேற்பார்வைக்காரி நாராயணம்மா வீட்டுத் தெலுங்கிலேயே கேட்டுவிட்டார்: "எக்கடம்மா? நாக்கு வினபடலேது." எங்கேம்மா, எனக்குக் கேக்கலியே என்று அதற்குப் பொருள். கேட்காமல் இருப்பதுதானே மௌனம், அதைக் கேக்கலியே என்றால் என்ன செய்வது என்று ஷெட்டுக்கே குழப்பமாகிவிட்டது.

"எல்லாரும் கேட்டோங்க. எங்கயும் நிக்கல" என்றாள் ஹரிணி அன்று மாலை.

"எதுல கேட்டீங்க?"

"ஸ்பீக்கர்ல."

"அதாங்க. ஸ்பீக்கர்ல அது வராது. நல்ல ஹெட்செட்டு வேணும்."

சத்தத்தைக் கேட்க ஹெட்செட் வேண்டும், சரி. மௌனத்தைக் கேட்க ஹெட்செட் எதற்கு? இதை யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. ஆனால் ஹரிணி அவரை நம்பினாள். பாவம், ஓசூர் வந்து கடை கடையாக ஏறி இறங்கி நல்லதாகவே ஒன்று வாங்கிப்போனாள். இரண்டு நாள் கழித்து மறுபடி பேசினாள்.

"இல்லைங்க. வரவே இல்ல. முன்னெல்லாம் அந்தப் பாட்ட கேப்பேன். இப்ப அந்த எடத்தத் தேடிட்டே இருக்கேன், பாட்டு முடிஞ்சிருது." பிறகு முடிவாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம அப்பாவும் நானும் உங்க வீட்டுக்கு வரோம். எங்க முடிவையும் அப்பவே சொல்லிடறோம். நீங்க அந்த மௌனத்த நேர்ல காட்டுங்க."

அன்று மாலை பஸ்ஸில் ஹரீஷ்குமார் 'கரண்ட் பூ'வைப் போட்டார். இந்தத் தடவை இரண்டு காதிலும். ஆனால் அவர் பாட்டைக் கேட்கவில்லை, மௌனத்தை வேட்டையாடினார். நாலாவது பாட்டு நிற்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது, ஒன்றுமில்லை. ஏழாவது பாட்டில் குரல் மேலே ஏறும் இடத்தில் சட்டென்று நிசப்தம். நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜூஜுவாடி. எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டுக்கு வரவேற்பதாகப் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. மறுநாள் காலை மௌனம் இரண்டாவது பாட்டில் வந்தது. வெளியே பார்த்தால் அதே ஜூஜுவாடி. இந்தத் தடவை கர்நாடகம் வரவேற்றது.

"பாய்" என்றார் பலவீனமாக. "பாட்டு நிக்குது பாய்."

சாஜித் கண்ணைத் திறக்கவில்லை. "டவரு மாறுதுப்பா. அந்த ஸ்டேட்டு டவர விட்டு இந்த ஸ்டேட்டு டவர புடிக்கணும்ல. தெனமும் வூட்ல பேசிட்டு வரப்ப எனக்கும் இங்கதான் கட்டாவும். உன்னுது பாட்டு மௌனம் இல்ல, ஜூஜுவாடி மௌனம்."

"அன்னிக்கே ஏன் பாய் சொல்லல?"

"நீதான் பேசிட்டே இருந்தியே."

நடந்ததை எல்லாம் ஹரீஷ்குமார் அவரிடம் கொட்டினார். ஹெட்செட் வரைக்கும். சாஜித் இப்போது கண்ணைத் திறந்தார். "புள்ளகிட்ட உள்ளத சொல்லிடுப்பா."

"ஒரே தடவதான் கேட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

நடுரோட்டில் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. வேறு வழிகளை யோசித்தார். அந்த மௌனத்தை ஆல்பம் போட்டவர்களே பின்னால் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் ஆரம்பத்திலிருந்தே கேட்டவர்கள் ஷெட்டில் அத்தனை பேர் எதிர்சாட்சிக்கு இருக்கிறார்கள். ஹரிணியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய், சரியான நேரத்தில் பாட்டை ஆரம்பித்து, நாலாவது பாட்டின் நடு ஜூஜுவாடியில் வருகிற மாதிரி ஓட்டினால் என்ன? சனிக்கிழமை அதற்கு ஒத்திகையே பார்த்தார். முதல் தடவை லாரி மறித்துக்கொண்டது, மௌனம் ஐந்தாவது பாட்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. திரும்பி வந்து மறுபடி போனார். அன்றைக்கென்று பார்த்து டவர் ஒழுங்காக வேலை செய்தது. ஹரீஷ்குமார் தம் வாழ்க்கையில் ஒன்றை இரண்டு தடவை செய்து பார்த்தது அதுதான் முதல்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தனும் ஹரிணியும் வந்தார்கள். ஹாலில் செல்வம்மாள் கோவிந்தனுக்குக் காபி கொடுத்து, ரோஜா விலையும் மழையும் விசாரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் மாடிக்குப் போய்ப் பேசட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். ஹரிணி பையிலிருந்து புது ஹெட்செட்டை எடுத்து ஹரீஷ்குமாரிடம் கொடுத்தாள். பாட்டு அவள் போனிலேயே பதிவாகி இருந்தது. டவர் உதவிக்கு வராது.

"போட்டுக்குங்க. வரப்ப கைய தூக்குங்க" என்றாள்.

'மிஸ்டு கால்' ஆரம்பித்தது. எந்த நொடியில் கையைத் தூக்குவது, தூக்கினால் என்ன சொல்வது என்று கணக்குப் போட்டபடி நின்றார் ஹரீஷ்குமார். அவ்வளவு நல்ல ஹெட்செட் அவர் காதில் ஏறியது அதுவே முதல் தடவை. கீபோர்டு சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதற்கடியில் மெல்லியதாக இன்னொரு ஓசை நடந்துகொண்டிருந்தது. அது எப்போது ஆரம்பித்தது? இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சு இழுப்பது கேட்டது. தன் அம்மா எடுக்காமல் போன ஒரு போனைப் பற்றி அவள் பாடிக்கொண்டிருந்தாள். இது எல்லாம் பஸ்ஸிலும் இருந்ததா? ஹரீஷ்குமார் கையைத் தூக்க மறந்துபோனார். பாட்டு எங்கும் நிற்காமல் முடிந்தது. ஹெட்செட்டைக் கழற்றினார், அபிப்பிராயம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் ஹரிணி.

ஹெட்செட்டை அவளிடம் நீட்டினார். "ஜூஜுவாடிலங்க."

"என்னங்க?"

"பஸ்ஸு அங்க போறப்ப டவரு மாறுது. பாட்டு நின்னுச்சு. அதத்தான் நான் மௌனம்னு சொல்லிட்டேன். ஹெட்செட்டெல்லாம் சும்மா சொன்னதுங்க."

ஹரிணி அவரையே பார்த்தாள். "அந்தப் பாட்ட நீங்க எத்தன தடவ கேட்டீங்க?"

அவர் வாயில் அதுவரை வந்தே அறியாத வாக்கியம் வெளியே வந்தது. "ஒரு தடவ. அதும் முழுசா இல்ல. இப்பத்தான் மொதமொத கேட்டேன். நல்லா இருக்குங்க."

'ஆனா' என்று தொடரப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். தொடரவில்லை. ஹரிணி சிரிக்க ஆரம்பித்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷெட்டில் நாராயணம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எம்பாட்டு திரும்பக் கெடச்சிருச்சு" என்றாள். சிரிப்பில் கோபம் இருந்ததா, கோபத்தில் சிரிப்பு இருந்ததா என்று சொல்ல ஹரீஷ்குமாரால் முடியவில்லை. சாம்பிள் போதவில்லை.

கீழே இறங்கியதும் கோவிந்தன் எழுந்து நின்றார். "ஏம்மா, நாம கெளம்பணும். இவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

ஹரிணி ஹரீஷ்குமாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மஞ்சப்பா."

கோவிந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வம்மாளுக்கோ விளங்கவேண்டியதற்கு மேலேயே விளங்கிவிட்டது. "நல்ல வார்த்த சொன்ன கண்ணு, நல்ல வார்த்த" என்று பூரித்துப்போய் உள்ளே ஓடி, தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கோடு வந்து அவள் கையில் கொடுத்தார். மங்கலமான மஞ்சளை வாயால் சொல்லிவிட்டாளே, இனி என்ன? கோவிந்தனும் சம்மதம் என்றுதான் போலிருக்கிறது என்று சிரித்து வைத்தார். ஹரிணி மஞ்சளை வாங்கிக்கொண்டு, வாசல்படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த மஞ்சள் எந்த மஞ்சள் என்று தெரிந்த ஒரே ஆள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை பார்க்கவேண்டும், அதுவரை ஓரமாக வை.

இப்போது ஹரீஷ்குமார் தினமும் பஸ்ஸில் மீதி ஆறு பாட்டையும் கேட்கிறார், இரண்டு காதிலும். எப்படி இருக்கிறது என்று சாஜித் கேட்டால், "இன்னொரு தடவ கேட்டுட்டு சொல்றேன் பாய்" என்கிறார். பேரிகையிலிருந்து போன் வருகிறது, பேச்சு நீள்கிறது, முடிவு மட்டும் இன்னும் வரவில்லை.

இவ்வளவு நேரம் சிரித்தபடி படித்தீர்கள். சந்தோஷம். இதைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயமும் தயாராகியிருக்கும், தலைப்பைப் பார்த்தபோதே பாதி தயாராகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் எழுதியவன் நடுவில் ஓர் இடத்தில் எதையோ சொல்லாமல் விட்டு அருமையான மௌனம் ஒன்றை வைத்திருக்கிறான் என்று மட்டும் பாராட்டுவதற்கு முன்னால், அது நீங்கள் போனை எடுத்துப் பார்த்த இடம்தானா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால், இரண்டு தடவை.